தொண்ணூறாம் வருஷம் சிலுவையில் யார்?

நாகல் நகர், திண்டுக்கல்
8.10.2023

அன்புத் தங்கச்சி அன்னாளுக்கு உன் அக்கா ஜோஸ்பின் எழுதுறது. நானும் உன் அத்தானும் ஆண்டவர் புண்ணியத்துல சுகமா இருக்கோம். அந்த மலைக்குளிர்ல உன் மூட்டுவலி எப்படி இருக்கு?

முதல்ல ஒண்ணை ஒத்துக்கிடுறேன். போன மாசம் நீ போட்ட கடிதத்தை நான் படிக்கல. கிரைண்டர் ஓரமா வச்சுட்டு உளுந்தைத் தள்ளிவிட்டுக்கிட்டு இருந்தேன், ஃபேன் காத்துக்கு உள்ள விழுந்துருச்சு. நிறுத்துறதுக்குள்ள அரைஞ்சுபோச்சு. கவரை மட்டும்தான் மீட்க முடிஞ்சது. விக்கிறதுக்கு ஆட்டுன அம்புட்டு மாவையும் கீழ ஊத்த மனசு வரல. அன்னைக்கு நம்ம தெருவுல பாதிப்பேரு உன் கடிதத்தைத்தான் தோசையாச் சாப்பிட்டாங்க. பக்கத்து வீட்டு அஃப்சானா வந்து, "இன்னைக்கு மாவு நல்லாப் பொங்கியிருக்கேக்கா, என்ன போட்ட?"ன்னா. "ஜெபம்"னு சொல்லிவச்சேன். முக்கியமா ஏதாச்சும் எழுதியிருந்தா மறுபடி எழுது.

இப்ப விஷயத்துக்கு வாரேன். நம்ம ஊர்ல பாஸ்கா நாடகம் போட ஆரம்பிச்சு வார ஈஸ்டரோட அம்பது வருஷம் ஆகுதாம். இதுவரைக்கும் சேசுவா நடிச்ச எல்லாரையும் மேடையில ஏத்தி, பொன்னாடை போத்தி, ஷீல்டு கொடுக்கப் போறாங்க. கமிட்டித் தலைவர் ஸ்டீபன்ராஜ் போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல நின்னு யார் யாருன்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. உன் அத்தான் கூட்டத்துக்குள்ள இருந்து, "தொண்ணூறாம் வருஷம் நான்"னாரு.

சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு. முதல்ல சிரிச்சது நான்தான். "ஏங்க, நீங்க சிலுவைக்குத் தோள் கொடுத்த சீமோன். சேசுவாத் தொங்குனது இருதயநாதன் அண்ணன். மழையில ஒட்டுத்தாடி ஒரு பக்கம் பிஞ்சு தொங்குச்சே, நான் கண்ணால பார்த்தேன்"னேன். கூட்டமே ஆமா ஆமான்னுச்சு. இவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துட்டாரு. அன்னையில இருந்து வீட்ல பேச்சு இல்ல. தட்டுல போட்டதைத் தின்னுட்டு எந்திரிச்சுப் போறாரு. தொட்டுக்க வெஞ்சனம் என்னன்னுகூட கேக்கிறதில்ல. முப்பது வருஷமா வெஞ்சனத்தைக் குறை சொல்லாமச் சோறு இறங்காத மனுசன்.

உனக்குத்தான் ஞாபகசக்தி ஜாஸ்தி. தொண்ணூறுல இருதயநாதன் அண்ணன்தான்னு ரெண்டு வரி எழுதிப் போடு. நான் சொன்னா எதிர்ப்பாரு, கன்னியாஸ்திரி சொன்னா நம்புவாரு. உங்க மடத்துல போன் மட்டும் இருந்தா இதை ஒரு நிமிசத்துல முடிச்சிருப்பேன். உனக்காகப் பேனா பிடிச்சு விரல் மரத்துப்போச்சு.

இப்படிக்கு,
அஞ்சாங்கிளாஸ் ஜோஸ்பின்


மடம், சிக்மகளூர்
30.10.2023

இயேசுவில் அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். இங்கே அனைவரும் நலம். மூட்டுவலி இருக்கிறது, நானும் இருக்கிறேன். அரைபட்ட கடிதத்தில் முக்கியமாக ஒன்றுமில்லை. எங்கள் பப்பாளி மரம் காய்த்திருக்கிறது என்று எழுதியிருந்தேன். அது உன் தெருவுக்கு நல்லபடியாகச் செரித்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீ கேட்ட இரண்டு வரியை எழுத முடியவில்லை அக்கா. தொண்ணூறில் சிலுவையில் தொங்கியது அத்தான்தான்.

இன்னொன்று. நீ அன்று பாஸ்கா பார்க்கவே இல்லை. உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, இரண்டு கன்னமும் உப்பி, பூசணிக்காய் மாதிரி படுத்திருந்தாய். தங்கம் பட்டால் வீக்கம் வற்றும் என்று அம்மா தன் சங்கிலியைக் கழற்றி உன் கழுத்தில் போட்டுவிட்டாள். புதுசாக எடுத்த பச்சைத் தாவணி வீணாகிறதே என்று புலம்பி, அதை என்னைக் கட்டிக்கொண்டு போகச் சொன்னாய்.

அத்தானிடம் என் வணக்கத்தைச் சொல். வெஞ்சனத்தை நீயே கேட்டுப் போடு.

உன் தங்கை,
அன்னாள்


நாகல் நகர்
14.11.2023

அன்னாளுக்கு,

சுகம்தான். ஆனா உன் கடிதத்தைப் படிச்சதுல இருந்து எனக்குக் கிறுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு. பார்த்தேன்டி. அந்தத் தாடி ஒரு பக்கமா ஆடுனதையும், மழைத்தண்ணி மூக்கு வழியா வடிஞ்சதையும் இந்தா, இப்பக்கூடப் பாக்கிறேன். படுத்திருந்தவ எப்படிப் பாக்கிறது?

சும்மா விடுற ஆளா நான்? ஒவ்வொருத்தராக் கேட்டேன். அஃப்சானா சின்னப்பிள்ளையில நம்ம ஊர்ல அவ மாமா வீட்ல இருந்து வருசா வருசம் பாஸ்கா பார்த்தவ. "இருதயநாதன் அண்ணன்தான்க்கா, தாடி பிஞ்சுச்சே, நீ என் பக்கத்துல உக்காந்து கடலை உரிச்சுத் தின்னியே"ன்னு சத்தியம் பண்றா. ரெண்டு கன்னமும் வீங்குனவ கடலை தின்னேனாம். கோயில் மணியடிச்ச பழைய கோயில்பிள்ளையக் கேட்டா, தாடி பிஞ்சதை அவரு ஓடிப்போய் ஒட்டுனாராம். அவரு சம்சாரம், ஒட்டுனது நானுங்குது. தாடி ஒண்ணு, ஒட்டுன கை இதுவரைக்கும் நாலு.

மழையாவது பெஞ்சதான்னு கேட்டேன். சித்திரையில அந்த வருசம் சொட்டுத் தண்ணி கிடையாது, கிணறெல்லாம் வத்திப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. சொல்லிட்டு அதே வாயால, "அந்த மழையில தாடி…"ன்னு ஆரம்பிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. என்னை நினைச்சும்தான்.

ஒண்ணு மட்டும் சொல்லு. சங்கிலி போட்டது ஞாபகம் இருக்கு. வேப்பெண்ணெய் நாத்தமும் ஞாபகம் இருக்கு. சரி, படுத்தே இருந்தேன்னு வையி. காது படுக்கலையே. ரேடியோ குழாய்ல கேட்டது இருதயநாதன் அண்ணன் குரல்தான. அந்தக் குரலை யாரும் மாத்த முடியாதுல்ல?

உன் கடிதத்தை இவருகிட்ட இன்னும் காட்டல. கொஞ்சம் கெத்து ஏறிரும்னு பயம்.

குழப்பத்தோட,
ஜோஸ்பின்


மடம்
28.11.2023

அன்புள்ள அக்கா,

கடவுள் உங்கள் இருவரையும் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் வரவும் கூடாது, போகவும் கூடாது. அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

குரல் இருதயநாதன் அண்ணனுடையதுதான். நீ சரியாகக் கேட்டாய். ஒத்திகையில் சிலுவையைத் தூக்கி நிறுத்தும்போது சறுக்கி விழுந்து அவருக்குக் கால் ஒடிந்துவிட்டது. வசனம் முழுக்க அவருக்குத்தான் மனப்பாடம். அதனால் அவரைப் படுதாவுக்குப் பின்னால் கட்டிலில் படுக்க வைத்து, கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். சிலுவை சுமந்ததும் அடி வாங்கியதும் தொங்கியதும் சீமோன் வேஷத்துக்கு இருந்த அத்தான். வாயை மட்டும் அசைத்தார். ஒட்டுத்தாடியும் சவுரி முடியும் வைத்தால் தூரத்தில் எல்லாரும் ஒன்றுதானே. நாற்பது நாள் ஒத்திகையில் ஊர் பார்த்ததும் அண்ணனை, அன்று கேட்டதும் அண்ணனை. பிறகும் பல வருஷம் அவர்தான் நடித்தார். தாடி பிய்ந்தது வேறு ஏதோ ஒரு வருஷமாக இருக்கும்.

நான் முன்வரிசையில் இருந்தேன். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தபோது உண்மையாகவே ஒரு சேவல் கூவியது. அதை மட்டும் நான் மறக்கவே மாட்டேன்.

அத்தானிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. கெத்து ஏறட்டும்.

அன்னாள்


நாகல் நகர்
29.12.2023

என் தங்கச்சிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து. இங்க பாலன் குடில்ல ஒட்டகத்துக்கு ஒரு காலு இல்ல, மத்தபடி எல்லாரும் சுகம்.

உன் கடிதத்தைக் காட்டுனேன். படிச்சுட்டு, "சேவல் கூவுனது கேசட்டு, மைக் செட்டு பாஸ்கல் போட்டான்"னாரு. அவ்வளவுதான். நாலு தடவை படிச்சுட்டுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டாரு. பாத்தியா, உனக்கும் ஒரு சேவல் மாட்டியிருக்கு. நாம எல்லாம் ஒரே கூண்டுதான்.

நேத்து இவரைக் கூட்டிக்கிட்டுக் கொடைரோட்டுக்குப் போனேன். இருதயநாதன் அண்ணன் இப்ப அங்க மக பாத்திமா வீட்லதான் இருக்காரு. எழுவதைத் தொடப் போறாரு, குரல் மட்டும் அப்படியே கணீர்னு இருக்கு. முறுக்கைக் கையில கொடுத்துட்டு நேரா, "அண்ணே, தொண்ணூறுல சிலுவையில யாரு?"ன்னேன்.

"நானு. வேற யாரு? தோள்பட்டை இன்னும் வலிக்குதுல்ல."

"கால் எப்பண்ணே ஒடிஞ்சது?"

"தொண்ணூறுல, ஒத்திகையில. கம்பி வச்சிருக்கே, பாரு." வேட்டிய விலக்கிக் காட்டுறாரு.

பாத்திமா அடுப்படியில இருந்து, "ஏம்ப்பா, அந்த ஈஸ்டருக்கு உங்களைக் கட்டிலோட தூக்கிக்கிட்டு வந்துல்ல பூசை பார்க்க வச்சாங்க. கட்டிலோட எப்படித் தொங்குனீங்க?"ன்னா.

அண்ணன் காலைப் பார்த்தாரு. தோளைத் தொட்டுப் பார்த்தாரு. எங்களைப் பார்த்து, "அப்பத் தொங்குனது யாருப்பா?"ன்னாரு.

இவரு கதவோரமா நின்னுக்கிட்டுச் செருப்பையே பார்த்துக்கிட்டு இருக்காரு. அண்ணன் கண்ணை இடுக்கிப் பார்த்தாரு. "ஏலே அருளு, நீயா?" இவரு தலைய ஆட்டுனாரு. அண்ணன் உக்காந்த மேனிக்கே பாஸ்கா வசனத்தைச் சொல்ல ஆரம்பிச்சாரு. இவரு நிமிர்ந்து வாயை அசைக்கிறாரு. குரல் அங்க, உதடு இங்க. ஒரு எழுத்து பிசகல. முப்பத்து மூணு வருசமா எங்க வச்சிருந்தாருன்னு தெரியல. கடைசியில தாகமா இருக்குன்னு சொல்ற இடம் வந்துச்சு. சொன்னதுதான் தாமதம், பாத்திமா ரெண்டு டம்ளர் தண்ணியோட ஓடி வந்துட்டா. நாலு பேரும் சிரிச்ச சிரிப்புல ரெண்டு டம்ளரும் கொட்டிப்போச்சு.

திரும்பி வாரப்ப பஸ்ல இவரு பேச ஆரம்பிச்சவருதான், வாயை மூடல. கொடைரோட்ல ஆரம்பிச்சுத் திண்டுக்கல் வரைக்கும். நடுவுல சொல்றாரு, "ஊரு மறந்தா மறந்துட்டுப் போகுது. நீ மறந்ததுதான் எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. முன்வரிசையில பச்சைத் தாவணிய வாயில பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்த. மேல இருந்து உன்னையத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அதைப் பார்த்துத்தான் உன்னைப் பொண்ணு கேக்கச் சொல்லி எங்கம்மாவை அனுப்புனேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். 

அன்னாள், அன்னைக்கு நீ அழுதியா?

ஜோஸ்பின்


மடம்
17.1.2024

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வாழ்த்துகள். உங்கள் நலத்துக்காக ஜெபிக்கிறேன். இங்கே பனி அதிகம். பப்பாளி பழுத்துவிட்டது. அணில் தின்றது போக எங்களுக்கும் மிஞ்சியது. மூட்டுக்குப் புதுத் தைலம் கொடுத்திருக்கிறார்கள், வாசனை நன்றாக இருக்கிறது.

இருதயநாதன் அண்ணனை நினைத்துச் சிரித்தேன். சாப்பாட்டு அறையில் மௌனம் காக்க வேண்டிய நேரம் அது. மடத்துத் தாயார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஸ்டீபன்ராஜிடம் சொல்லியாயிற்றா? அத்தான் பெயரைச் சேர்த்தார்களா?

அன்னாள்


நாகல் நகர்
28.1.2024

அன்னாளுக்கு,

சுகம், சுகம். அணிலு சுகம், பப்பாளி சுகம், தைலம் வாசனை. நான் கேட்டதுக்கு மட்டும் பதில் காணோம். உங்க மடத்துக் கிரைண்டர்ல அந்த வரி விழுந்துருச்சா?

இங்க நடந்த கூத்தைக் கேளு. இருதயநாதன் அண்ணன் பாத்திமாவோட ஆட்டோ பிடிச்சு வந்து கமிட்டிக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, "தொண்ணூறுல எனக்குக் கால் இல்ல, குரல்தான். கால், கை, முதுகு எல்லாம் அருளோடது"ன்னாரு. சத்தம் கிளம்பிருச்சு. "அண்ணே, உங்களுக்கு வயசாயிருச்சு, மறந்துட்டீங்க"ன்னு அவருக்கே சொல்றாங்க. கால் ஒடிஞ்சது தொண்ணூத்தி ரெண்டுங்கிறான் ஒருத்தன். அண்ணன் வேட்டியத் தூக்கிக் கம்பி வச்ச காலை மேசை மேல வச்சாரு. பாத்திமா பிரசவத்துக்கு வந்திருந்தப்பத்தான்னு வேற யாரோ. "அப்ப எனக்குப் பதினோரு வயசு"ன்னா பாத்திமா. ஒருவழியா ஸ்டீபன்ராஜ் இவரு பேரைச் சேர்த்தாரு.

கூத்து அதுக்கப்புறம்தான். ஒரு வாரம் போச்சு. இப்ப ஊர்ல யாரைக் கேட்டாலும், "அருளுதான், எனக்கு அப்பவே தெரியும்"ங்கிறாங்க. சரி, போகட்டும். "தாடி பிஞ்சுச்சே, பாவம் அருளு, அந்த மழையில"ங்கிறாங்க. அண்ணன் தாடியக் கழட்டி இவருக்கு மாட்டிட்டாங்க. மழையும் கூடவே வந்துருச்சு. அஃப்சானா இவருக்குத் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அவளுக்கு அப்ப ஏழு வயசு, சிலுவை பத்தடி. இவங்களை வச்சு இனி பத்துப் பாஸ்கா போடலாம்.

சிரிச்சுட்டேன். இப்ப சிரிக்காமக் கேக்கிறேன். இவரு மேடையில பேசப் போறாராம். பச்சைத் தாவணிக் கதையச் சொல்லப் போறாராம். "இந்த ஷீல்டே உனக்குத்தான்"ங்கிறாரு. நான் அன்னைக்குப் பூசணிக்காயாப் படுத்திருந்தேன்னு எப்படிச் சொல்ல? சொல்லாம முன்வரிசையில எப்படி உக்கார? அழுதவ ஒருத்தி, கல்யாணம் பண்ணுனவ ஒருத்தின்னா அப்ப நான் யாரு? தவக்காலம் வந்தா உன் வாயைக் கட்டிருவாங்க. அதுக்குள்ள எழுது.

ஜோஸ்பின்


மடம்
11.2.2024

அக்கா,

சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

அழுதேன். முன்வரிசை முழுக்கத்தான் அழுதது. எனக்குப் பதினாறு வயது. மடத்துக்குப் போக வேண்டும் என்று அம்மாவிடம் முதலில் கேட்டது அந்த வருஷம்தான். உன் கல்யாணம் முடியட்டும் என்றாள். முடிந்ததும் வந்துவிட்டேன். இங்கே நிறைவாக இருக்கிறேன். இதை ஆறுதலுக்காக எழுதவில்லை.

அவர் பார்த்தது தாவணியை; பாதி முகத்தை அதில்தான் மூடியிருந்தேன். தாவணி உன்னுடையது. அதற்குப் பிறகு இவ்வளவு வருஷம் அவர் பார்த்தது உன்னை.

சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். சொன்னால் முழுதாகச் சொல். அரைத்துச் சொல்லாதே.

புதன்கிழமை முதல் மௌனம்.

அன்னாள்


நாகல் நகர்
1.4.2024

உயிர்ப்பு விழா வாழ்த்துகள் அன்னாள். தவக்காலம் முழுக்க உன்னோட பேச முடியாம எனக்கு வாய் நமநமன்னு ஆயிருச்சு. சுகமா இருக்கியா?

சொல்லிட்டேன். நேத்து ஈஸ்டர் கறிக்குழம்பு ஊத்தும்போது சொன்னேன். குழம்பு பாதி இலைக்கு வெளிய. "நான் அன்னைக்கு வரலைங்க. பொன்னுக்கு வீங்கியில படுத்திருந்தேன். தாவணி என்னோடது, கட்டியிருந்தது அன்னாள். அழுதது அவதான்."

இவரு எலும்பைக் கடிச்சுக்கிட்டே கேட்டாரு. "இல்ல, நீ வந்திருந்த. நான் பார்த்தேன்."

"வரலைங்க. வேணும்னா அன்னாளுக்கு எழுதிக் கேளுங்க."

"அன்னாளும் வந்திருக்கும். உன் பக்கத்துல உக்காந்திருக்கும்."

"என் மூஞ்சி பூசணிக்கா மாதிரி இருந்துச்சு."

"மேல இருந்து பார்த்தா அப்படி ஒண்ணும் தெரியல."

நான் சண்டைக்குக் கிளம்பிட்டேன். உடனே இவரு, "அப்ப மூணு மாசம் நான் சொன்னதை நீ நம்பல. நான் சண்டை போட்டனா? இப்ப நீ சொல்றதை நான் நம்பல. நீயும் சும்மா இரு"ன்னாரு. அப்புறம், "இந்தக் குழம்புல என்ன, புளி தூக்கலா இருக்கு?"ன்னாரு. கறிக்குழம்புல எவடி புளி ஊத்துவா? ஆனா அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. குறை சொல்ற பழைய மனுசன் திரும்பி வந்துட்டாரு.

முழுசாத்தான் சொன்னேன், அரைக்கல. அவரு எடுத்துக்கலைன்னா நான் என்ன செய்ய?

இன்னொண்ணு, யாருகிட்டயும் சொல்லாத. நேத்து ராத்திரியில இருந்து எனக்கும் மெல்ல ஞாபகம் வருது. காலுக்கடியில குளிர்ந்த மணலு. முன்னாடி பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். என் பக்கத்துல நீ. வரலைன்னு தெரியும். தெரிஞ்சும் வருது.

சனிக்கிழமை விழா. ஒரு பச்சைச் சேலை எடுத்திருக்கேன்.

ஜோஸ்பின்


நாகல் நகர்
9.4.2024

அன்புத் தங்கச்சிக்கு,

போன கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரல. பரவாயில்ல, உன் மூட்டு சுகமானா சரி. எனக்குப் பொறுக்கல, அதான் திரும்ப எழுதுறேன்.

விழா பிரமாதம். ஊரே திரண்டு வந்துருச்சு. ஒவ்வொரு சேசுவா ஏறுறாங்க. ஒருத்தருக்குத் தொப்பை, ஒருத்தருக்கு வழுக்கை, ஒருத்தரு துபாய்ல இருந்து வந்திருக்காரு. இருதயநாதன் அண்ணனையும் இவரையும் சேர்த்தே கூப்பிட்டாங்க. குரலுக்கு ஒரு பொன்னாடை, உடம்புக்கு ஒரு பொன்னாடை.

இவரு மைக் முன்னாடி வந்து நின்னாரு. நாலு பேரு முன்னாடி பேசாத ஆளு. "என்னைய அன்னைக்கு யாரும் அடையாளம் கண்டுக்கல. அது தப்பில்ல, தாடி அப்படி. ஆனா முன்வரிசையில ஒரு பிள்ளை பச்சைத் தாவணியில அழுதுக்கிட்டு இருந்துச்சு. நமக்காக ஒருத்தி அழுறான்னா இன்னும் கொஞ்ச நேரம் தொங்கலாம்னு தொங்குனேன்"னாரு. சொல்லிட்டு என்னையப் பார்த்துக் கையைக் காட்டுனாரு.

ஊரே திரும்பி என்னையப் பார்க்குது. நான் அழுதேன் அன்னாள். பொய்க்கு இல்ல. சேலையை வாயில பொத்திக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதேன். அஃப்சானா முதுகைத் தடவிவிட்டுக்கிட்டே, "அன்னைக்கும் இப்படித்தான்க்கா அழுத"ங்கிறா. அழுகைக்கு நடுவுல சிரிப்பு வந்து எனக்கு விக்கல் எடுத்துருச்சு. உனக்கும் சேர்த்துத்தான் அழுதேன். உனக்குச் சேர வேண்டியதை நான் வாங்கிக்கிட்டேன்னு நினைக்காத. நீ எழுதாம விட்டதை நானும் கேக்கல.

கமிட்டிக்காரங்க முந்தாநாளே வீடு தேடி வந்து போட்டோ கொடுத்தாங்க. இவரு மேடையில நிக்கிற போட்டோ ஒண்ணே ஒண்ணுதான். அதுல மைக் சரியா இவரு மூஞ்சிக்கு நேரா இருக்கு. கழுத்துக்குக் கீழ பொன்னாடை தெரியுது. பக்கத்துல இருதயநாதன் அண்ணன் நல்லாத் தெளிவா விழுந்து சிரிச்சுக்கிட்டு இருக்காரு. பெரிசாக்கிச் சட்டம் போட்டு முன்னறையில மாட்டியாச்சு.

இப்படிக்கு,
உன் அக்கா ஜோஸ்பின்